வாய்க்கால் அகலமும் தண்ணீர்க் கணக்கும்

“பாதர், நாலு கோடும் நெறய நிக்கிது, காசும் போட்டிரிக்கம். புள்ளைர பாடம் மட்டும் சுத்திச் சுத்தி நிக்கிது. இது என்ன ஞாயம்?”

சாய்ந்தமருதில், 2004 ஆழிப்பேரலையின் பின் கடற்கரையை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில், ஒரு தாய் தனது கைத்தொலைபேசியை என்னிடம் தந்து கேட்ட கேள்வி இது. கணவர் குத்தகைக்கு வயல் செய்கிறார். மகளுக்குக் கிழமையில் மூன்று நாள் இரவு ஏழரைக்கு இணையவழி வகுப்பு. வகுப்பு நிற்கும்போதெல்லாம் டேட்டா முடிந்துவிட்டது என்று எண்ணி, கடைக்கு ஓடி ரீலோட் செய்திருக்கிறார்கள். அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை. மூன்றாம் தடவை கொடுத்தது உரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த காசு. தொலைபேசியைத் திறந்து கணக்கைப் பார்த்தேன். வாங்கிய டேட்டாவில் பாதிக்கு மேல் செலவாகாமல் அப்படியே கிடந்தது. இன்னும் இரண்டு நாளில் அது காலாவதியாகிவிடும்.

தாகம் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், வருத்தமோ வேறு. இப்படிக் காசை இழக்கும் வீடுகள் இந்தக் கரையோரத்தில் பல இருப்பதனால் இம்முறை இதனைச் சற்று விரிவாக எழுத வேண்டியதாயிற்று. கணனி படித்தவர்களுக்கான விடயம் இது என்று எவரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதில் முக்கால் பங்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

இரண்டு வேறு அளவுகள்

உங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப்பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒரு விநாடியில் எவ்வளவு தண்ணீர் அதில் ஓட முடியும் என்பது ஒன்று. இந்தப் போகம் முழுவதற்கும் உங்கள் பங்கு எவ்வளவு தண்ணீர் என்பது மற்றது. முதலாவது வாய்க்காலின் அகலத்தைப் பொறுத்தது. இரண்டாவது ஒதுக்கீட்டைப் பொறுத்தது. ஒதுக்கீடு தாராளமாக இருந்தும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் நாற்று கருகும். வாய்க்கால் அகலமாக இருந்து ஒதுக்கீடு குறைந்தால், இரண்டு நாள் மடை நிறையப் பாய்ந்துவிட்டு மூன்றாம் நாள் வரண்டுவிடும்.

இணையத்திலும் இதேதான். கடையில் ‘இத்தனை ஜிபி’ என்று வாங்குவது ஒதுக்கீடு. விளம்பரத்தில் ‘இத்தனை எம்பிபிஎஸ்’ என்று போடுவது அகலம். இந்த அகலத்தைத்தான் ஆங்கிலத்தில் பேண்ட்வித் என்கிறார்கள். நம் நூல்களில் பட்டையகலம், கற்றையகலம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நாம் அகலம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தாயின் வீட்டில் குறைந்தது அகலம். அவர்கள் வாங்கியதோ ஒதுக்கீடு.

இங்கே ஒரு சிறு பொறி இருக்கிறது. விளம்பரம் பார்ப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. அகலத்தைப் பிட் என்ற சிறு அளவாலும், ஒதுக்கீட்டைப் பைட் என்ற பெரிய அளவாலும் கணக்கிடுகிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். நெல்லைப் புசலில் விற்று அரிசியைக் கிலோவில் வாங்குகிற நமக்கு இது ஒன்றும் கஷ்டமான கணக்கல்ல. ஆயினும், விநாடிக்கு 10 மெகாபிட் என்று எழுதியிருப்பதைக் கண்டு, விநாடிக்கு 10 மெகாபைட் இறங்கும் என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. இறங்குவது ஒன்றேகால் மெகாபைட்தான்.

அந்த 10 மெகாபிட் வாய்க்கால் முழு அகலத்தில் ஓடினால், நீங்கள் வாங்கிய 1 ஜிபி முடிவதற்கு 800 விநாடி எடுக்கும். அதாவது 13 நிமிடமும் சொச்சமும். “வேகம் கூடின ஃபோனுக்கு மாறின நாளிலிருந்து டேட்டா நிற்கிதில்லை” என்று ஒருவர் முறைப்பட்டதன் காரணம் இதுவே. படக்காட்சிகள் பெரும்பாலும் தாமாகவே அகலத்தை அளந்து பார்த்து, அகலம் கிடைத்தால் உயர்ந்த தரத்திற்கு மாறிக்கொள்கின்றன. வாய்க்கால் அகன்றால் வரம்பு உடைத்துக்கொண்டு பாயும் தண்ணீர் போல. தரத்தை நாமே குறைத்து வைத்தால் ஒழிய அது நம் ஒதுக்கீட்டைக் கேட்டுச் செலவழிப்பதில்லை.

நாலு கோடு எதைக் காட்டுகிறது?

தொலைபேசியின் மூலையில் தெரியும் கோடுகள், கோபுரத்தின் சத்தம் உங்கள் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்தக் கோபுரத்தில் அந்நேரம் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. மதகுக்குப் பக்கத்தில் வயல் இருப்பது நல்லதுதான். ஆனால் அதே மதகில் நூறு பேர் காத்திருந்தால் பக்கத்தில் இருந்து என்ன பயன்?

ஒரு கோபுரத்தின் அகலம் பங்கிடப்படும் பொருள். இலங்கையில் 2013 இல் வந்த நான்காம் தலைமுறைச் சேவையை எடுத்துக்கொண்டால், 20 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் கோபுரத்தின் ஒரு முகம் விநாடிக்கு ஏறத்தாழ 150 மெகாபிட் வரை அனுப்பலாம் என்பது ஏட்டுக்கணக்கு. இது ஒரு ஆளுக்கு அல்ல; அந்த முகத்தின் கீழ் உள்ள எல்லோருக்கும் சேர்த்து. ஒரே நேரத்தில் நூறு பேர் இழுத்தால் ஏட்டுக்கணக்கிலேயே ஆளுக்கு ஒன்றரை மெகாபிட். நடைமுறையில் அதனிலும் குறைவு. கோபுரத்தில் உள்ள இயந்திரம்தான் இங்கே வட்டவிதானை. ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் யார் யாருக்குத் திறப்பது என்று அது தீர்மானிக்கிறது. தூரத்தில், சுவர்களுக்குள், மங்கலாகக் கேட்கும் தொலைபேசிக்கு அதே முறையில் குறைந்த அளவே போய்ச் சேரும். புல் மண்டிய வாய்க்காலில் அரைவாசி வழியிலேயே நிற்பதைப் போல. அதனால் அவருக்குக் கூடுதல் முறை தேவைப்படுகிறது. கூடுதல் முறை அவருக்குப் போனால் மற்றவர்களுக்குக் குறைகிறது.

இதில் நானும் ஏமாந்தவன்தான். 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலம் எட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு மண்டபத்தில் இணையப்பெட்டி ஒன்றை வைத்தோம். விற்றவர் ‘150’ என்றார். அது கோபுரத்தின் கணக்கு, எங்கள் மண்டபத்தின் கணக்கல்ல என்பது எனக்குத் தெரியாது. வகுப்பு நின்றது. பெரிய பொதிக்கு மாறினேன். அதுவும் நின்றது. பிறகு பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன், “பாதர், நாளைக்கு சுபஹுத் தொழுகை முடிஞ்ச கையோட ஒருக்காப் போட்டுப் பாருங்க” என்றான். போட்டுப் பார்த்தோம். அதே பெட்டி, அதே பொதி. வாய்க்கால் உடைத்த மாதிரி ஓடியது. இரவு எட்டு மணிக்கு மறுபடி மூச்சடைத்தது. இரண்டாம் பொதிக்குக் கொடுத்த காசு வீண் என்பது அப்போதுதான் விளங்கியது. இந்த ஒரு சோதனையை எல்லோரும் செய்து பார்க்கலாம். விடியலில் ஓடி இரவில் நின்றால் அது நெரிசல். எந்நேரமும் மெதுவாக இருந்தால் சிக்னல் குறைவாக இருக்கலாம், தொலைபேசி பழையதாக இருக்கலாம். முன்னறிவிப்பின்றி முழுதாக வெட்டுப்பட்டால் மட்டுமே ஒதுக்கீடு முடிந்ததா என்று பார்ப்பது பொருந்தும்.

இலவசமாகக் கிடைத்தாலும் அகலம் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று நம் பக்கத்திலேயே இருந்தது. 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக நடந்த ஸூம் விரிவுரைகளுக்கு டேட்டா கழிக்காமல் விட ஒழுங்கு செய்தார்கள். பெரிய உதவி. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. ஆனால் ஒதுக்கீட்டைக் கழிக்காமல் விட்டார்களே தவிர, கிராமத்துக் கோபுரத்தை யாரும் அகலமாக்கவில்லை. பதுளை மாவட்டத்தில் போகித்தியாவ என்ற ஊரில், 2021 இல் பாடசாலைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டுவழியே கற்பாறை ஒன்றுக்கு ஏறிப் போனதை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் எழுதின.

சமுத்திரம் நிறைந்தும் கடைக்கோடி காய்வது

நாட்டிற்குள் வரும் அகலம் குறைவா என்றால், இல்லை. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 20,000 கிலோமீற்றர் நீளமான சீ-மீ-வீ 5 என்ற கடலடி வடம் மாத்தறையில் கரையேறுகிறது. 2016 இன் இறுதியில் கட்டி முடிந்த அவ்வடம் விநாடிக்கு 24 டெராபிட் கொள்ளத்தக்கதாக அமைக்கப்பட்டது. மேலே சொன்ன கோபுர முகம் போல் 160,000 முகங்களுக்குச் சமன். அதற்கு முன் வந்த வடங்களும் கொழும்புப் பக்கம் கரையேறின. அங்கிருந்து கண்ணாடி இழையாக நாடு முழுவதும் பிரிந்து, கடைசியில் நம் ஊர்க் கோபுரம் என்ற சிறு மதகில் வந்து முடிகிறது. நெரிசல் பெரும்பாலும் அந்தக் கடைசி மதகில்தான்.

இதைக் கல்லோயா விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டுமா? இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும். 1950களின் தொடக்கத்தில் அது நிறைந்தது முதல், இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் இருந்தவர்கள் வேண்டியமட்டும் பாய்ச்ச, வாலில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகள் வானத்தைப் பார்த்த காலங்கள் உண்டு. குளத்தில் தண்ணீர் இருந்தது. நடுவில் பங்கீடு இல்லை.

1981 சிறுபோகத்தில் குளம் காற்பங்கே நிறைந்திருந்தது. அந்த ஆண்டு விவசாய ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை ஒழுங்கமைப்பாளர்களாக ஊர்களில் தங்க வைத்தன. சிறுவாய்க்கால் ஒவ்வொன்றிலும் உள்ள விவசாயிகள் கூடிப் பேசினார்கள், புல் வெட்டி வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்தார்கள், மிச்சம் பிடித்த தண்ணீரை வாலுக்கு விட்டார்கள். தலைப்பில் சிங்களவர், வாலில் தமிழர் என்றிருந்தும், அத்தனை கசப்பான ஒரு காலத்தில் இது நடந்தது. நோர்மன் அப்ஹொஃப் என்ற பேராசிரியர் 1992 இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த ஆண்டு குளத்திற்கு ஒரு துளி கூட்டிக் கொடுக்க யாராலும் முடியவில்லை. இருந்ததை எப்படி விடுவது என்பதுதான் மாறியது.

கோபுரத்தை நாம் அகலமாக்க முடியாது. முறை வைக்க முடியும். ஒரு மாணவி வகுப்பைப் படத்துடன் பார்க்க விநாடிக்கு 600 கிலோபிட் என்று கொள்வோம். மணித்தியாலத்துக்கு 270 மெகாபைட். தன் முகத்தையும் படமாக அனுப்பினால் 540. குரலை மட்டும் கேட்டால் 80 கிலோபிட் போதும். மணித்தியாலத்துக்கு 36 மெகாபைட். தன் முகத்தையும் அனுப்பினால் 1 ஜிபியில் இரண்டு மணித்தியாலம் தேறாது. குரல் மட்டுமென்றால் 27 மணித்தியாலம் கேட்கலாம். அகலத்தின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவு: ஒருவர் 1080 என்ற உயர்தரத்தில் நாடகம் பார்க்க விநாடிக்கு 5 மெகாபிட் வேண்டும். அதே அகலத்தில் எட்டுப் பிள்ளைகள் படத்துடனும், அறுபது பிள்ளைகள் குரலாகவும் பாடம் கேட்கலாம். நாடகம் பார்ப்பதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பகல் முழுவதும் வயலில் நின்றவருக்கு இரவில் வேறென்ன இருக்கிறது? தரத்தை 360 இல் வைத்தால் சிறிய திரையில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மெல்லிய வாய்க்காலில் ஓர் ஊரே குடித்த கதை

மகாவலித் திட்டத்தில் கொத்மலை அணை கட்டப்பட்டபோது நிலம் இழந்து இடம்பெயர்ந்தவர்கள் நம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்கள்தான். அவர்களுக்கென்று 1989 இல் கொத்மலையில் ஒரு சமூக வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலிக்கு இணையம் வந்தது. அகலம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 64 கிலோபிட். இன்று ஒரு பிள்ளை குரல் வகுப்புக் கேட்கவே போதாத அகலம். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்று அதில் இறங்க ஆறேகால் நிமிடம் எடுக்கும். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்கள் இணையம் பார்க்க வசதி செய்தார்கள்.

ஆனால் அவர்கள் கெட்டிக்காரர்கள். கேட்பவர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கிடைத்ததைச் சிங்களத்தில் வானொலியில் விளக்குவார்கள். இணையத்திலிருந்து ஒரு தடவைதான் இறங்கியது; பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் வானொலிக்கு அகலம் ஒன்றே.

இந்த உபாயத்தை நாம் வீட்டுக்கு வீடு செய்யலாம். ஆசிரியர் அனுப்பும் பாடப் பதிவை ஒரே தெருவில் பன்னிரண்டு பேர் இரவு எட்டு மணிக்குத் தனித்தனியே இறக்குவானேன்? ஒருவர் விடியலில் இறக்கிவிட்டு, மற்றவர்களுக்குத் தொலைபேசியிலிருந்து தொலைபேசிக்குப் புளூடூத் மூலம் கொடுக்கலாம். அதற்கு டேட்டா செலவில்லை, கோபுரத்துக்கும் பாரமில்லை. சில பொதிகளில் இரவு 12 மணிக்குப் பின் வேறு கணக்கு உண்டு; வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம்: கரும்பலகையைப் படமெடுத்து அனுப்புவதிலும் பார்க்க, முடிந்தவற்றை எழுத்தாக அனுப்புங்கள். நீங்கள் வாசிக்கும் இந்த முழுக் கட்டுரையும் எழுத்தாக 60 கிலோபைட்டுக்கும் குறைவுதான். ஒரு 3 மெகாபைட் படத்துக்குள் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அடங்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2004 டிசம்பர் 26 அன்று தொலைபேசியை எடுத்து எடுத்து, ஒரு அழைப்பும் போகாமல் தவித்தவர்கள் நம்மில் பலர். அனர்த்த வேளையில் எல்லோரும் ஒரே நிமிடத்தில் அழைக்கிறார்கள், மதகு அடைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஒரு குறுஞ்செய்தியின் அளவு 140 பைட். தமிழில் 70 குறியீடுகள், அதாவது நாற்பது எழுத்தளவு. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும் என்பதால் சுருக்கமாக எழுத வேண்டும். ‘பள்ளிவாசலில் இருக்கிறோம், எல்லோரும் சுகம்’ என்பது அதற்குள் அடங்கும். அழைப்புப் போகாத நெரிசலிலும் அது வரிசையில் காத்திருந்து போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அவ்வேளை வீடியோ அழைப்பு எடுப்பவர், தெரியாமலே, காயப்பட்ட ஒருவரின் அழைப்புக்கு வழியடைத்து நிற்கிறார்.

2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையைப்பற்றியும் சிலர் கேட்டார்கள். கோபுரம் எட்டாத இடத்துக்கு நல்லது. ஆனால் அதுவும் ஒரு பரப்பில் உள்ளவர்கள் பங்கிடும் அகலமே. விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை வைப்பது நம் பக்கத்து வேலை. காசு வாங்கும் கம்பனிக்கும் ஒரு பக்கம் உண்டு. ஒரு பரப்பில் ஆட்கள் பெருகினால் அலைவரிசையைக் கூட்டுவதும், புதுக் கோபுரம் போடுவதும் அவர்கள் பொறுப்பு. “நெட் வேலை செய்யுதில்லை” என்று சொன்னால், “ஃபோனை ஓஃப் பண்ணிப் போடுங்க” என்பார்கள். நாளும் நேரமும் இடமும் எழுதிக் கொடுத்தால் அப்படிச் சொல்வது கடினம். கம்பனி பதில் தராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதன் இலக்கம் 1900. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் எழுந்து நின்று தண்ணீர்த் திகதி கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தத் தாயின் மகள் இப்போது குரலை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்புக் கேட்கிறாள். படம் வேண்டிய கணிதப் பாடத்தை மட்டும் விடியலில் இறக்கிக்கொள்கிறாள். ஒரு ரீலோட்டில் மாதம் போகிறது. அதே தெருவில் பதினான்கு வீட்டார் ஒரு கொப்பி போட்டு, எந்த இரவு எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதி வருகிறார்கள். முதல் மாதத்துப் பக்கங்களின் பிரதியைக் கம்பனிக்கு அனுப்பிவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. கொப்பியில் இரண்டாம் மாதம் ஓடுகிறது.